அமெரிக்காவில் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? – வாசகர் கேள்வி, சட்டம் பதில்

திருப்பூர், கரூர், ஈரோடு, கோவை, பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றங்களின் அதிகார வரம்பு பற்றியே கேட்டிருந்ததால், அவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பனியன் நிறுவனம் நியூஜெர்சியில் உள்ள ஓர் இறக்குமதியாளருக்கு இரண்டு ஷிப்மென்ட் அனுப்பியது. முதல் பில்லில் 48,000 டாலரும் அடுத்த பில்லில் 39,000 டாலரும் நிலுவையாக நிற்கின்றன. சாயம் போகிறது என்று 20,000 டாலருக்கு டெபிட் நோட் (பில்லில் கழித்துக்கொள்ளும் குறிப்பு) அனுப்பிவிட்டு, மீதியையும் தராமல் இழுத்தடிக்கிறார்கள். அந்த நிறுவனம் ஓர் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்); அதில் என் மச்சானுக்கும் சிறு பங்கு உண்டு. அங்குள்ள நண்பர், ஃபெடரல் கோர்ட்டில் போட்டால்தான் மரியாதை என்கிறார். வழக்கறிஞர் ஒருவரோ, அங்கே வழக்கை எடுக்கவே மாட்டார்கள் என்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: வழக்கறிஞர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குக் காரணம் உங்கள் மச்சான்.

நம் நாட்டில் முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை நீதிமன்றங்கள் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. மத்திய அரசின் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் அதே நீதிமன்றம்தான் விசாரிக்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கீழ் நீதிமன்றம் முதல் மாநில உச்ச நீதிமன்றம் வரை தனி அமைப்பு இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஃபெடரல் நீதிமன்றங்கள் இன்னொரு அமைப்பாக இயங்குகின்றன. மாநில நீதிமன்றம் ஏறக்குறைய எல்லா வகை வழக்கையும் எடுக்கலாம். ஃபெடரல் நீதிமன்றமோ, அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு பட்டியலிட்டு, அதற்குள் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றி ஒப்படைத்த வகை வழக்குகளை மட்டுமே எடுக்க முடியும். அதிகாரம் இல்லை என்ற அனுமானத்தில்தான் நீதிபதி தொடங்குவார். இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு வழக்கை அங்கே கொண்டு வந்தவருடையது.

சிவில் வழக்கு உள்ளே போகப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உள்ளன. முதல் வழி, வாதியின் உரிமை ஃபெடரல் சட்டத்திலிருந்தோ அமெரிக்கா செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கையிலிருந்தோ பிறப்பது. சரக்கு விற்ற பணம் வரவில்லை என்பது அந்தந்த மாநிலத்தின் வணிகச் சட்டத்தைச் சேர்ந்த விவகாரம் என்பதால், இந்த வழி பொதுவாக நமக்குத் திறப்பதில்லை. இதில் நம்மூர்க்காரர்கள் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. சர்வதேசச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் அமெரிக்காவும் இத்தாலியும் சேர்ந்திருக்கின்றன, இந்தியா சேரவில்லை. ஆகவே அதே நியூஜெர்சி பையருக்குத் துணி விற்ற இத்தாலிக்காரர் உடன்படிக்கையைக் காட்டி ஃபெடரல் நீதிமன்றத்துக்குள் போக முடியும், திருப்பூர்க்காரரால் முடியாது. டெல்லியில் எடுக்க வேண்டிய முடிவு அது. உங்கள் வழக்கறிஞரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வழி, வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ, ஒருவர் அமெரிக்க மாநிலமொன்றின் குடிமகனாகவும் மற்றவர் வெளிநாட்டவராகவும் இருப்பது. இதற்குத் தொகை வரம்பு உண்டு: கோரும் தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும், சரியாக 75,000 என்றால் போதாது, வட்டியும் வழக்குச் செலவும் கணக்கில் சேரா. ஒரே வாதி ஒரே பிரதிவாதியிடம் கேட்கும் தொகைகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், உங்கள் இரண்டு பில்லும் சேர்ந்து 87,000 டாலராகி வரம்பைத் தாண்டிவிடுகின்றன. டெபிட் நோட்டைக் கழித்தால் 67,000 ஆகிவிடுமே என்ற கவலை வேண்டாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு கோரும் தொகைதான் அளவுகோல். அவ்வளவு கிடைக்கவே கிடைக்காது என்பது சட்டப்படி உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வழக்கு விழும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இல் கூறியிருக்கிறது. எதிராளி சொல்லப்போகும் சாக்கை முன்கூட்டியே கழிக்க மாட்டார்கள். ஆனால் அந்த டெபிட் நோட்டை ஏற்றுக்கொண்டதாக நீங்கள் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. சீசனுக்குச் சீசன் ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக டிஸ்கவுண்டுக்கு ஒப்புதல் எழுதும் பழக்கம் திருப்பூரில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி மச்சான். பதிவு செய்த கார்ப்பரேஷன் என்றால், அது பதிவான மாநிலமும், அதன் மேலாண்மை நடக்கும் தலைமையகம் உள்ள மாநிலமும்தான் அதன் குடியுரிமை. எல்.எல்.சி.க்கு அந்த விதி இல்லை. அதன் பங்குதாரர்கள் ஒவ்வொருவருக்கும் எந்தெந்தக் குடியுரிமை உண்டோ, அத்தனையும் அந்த நிறுவனத்தின் குடியுரிமையாகும். ஒரு பங்குதாரர் இன்னோர் எல்.எல்.சி.யாக இருந்தால் அதற்குள்ளும் புகுந்து பார்க்க வேண்டும். பங்கு நூற்றுக்கு ஒன்றுதான் என்பதெல்லாம் எடுபடாது. உங்கள் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால், அவர் வெளிநாட்டவர். நீங்களும் வெளிநாட்டு நிறுவனம். இரு பக்கமும் வெளிநாட்டவர் நின்றால் இந்த வழி அடைபடும். கிரீன் கார்டுகாரரை அவர் வாழும் மாநிலத்தின் குடிமகனாகக் கருதும் வாசகம் முன்பு சட்டத்தில் இருந்தது. 2011இல் செய்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூஜெர்சியிலேயே வாழ்ந்தால் தடையில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு அவிநாசிக்கே நிரந்தரமாகத் திரும்பிவிட்டார் என்றால்தான் விசித்திரம்: அவர் எந்த மாநிலத்துக்கும் குடிமகன் அல்லர், வெளிநாட்டவரும் அல்லர். அப்படிப்பட்டவருக்கு இந்த வழியில் இடமே இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1989இல் உறுதிப்படுத்தியது. அவரைப் பங்குதாரராகக் கொண்ட எல்.எல்.சி.யும் அதே நிலைக்கு வந்துவிடும்.

உங்கள் மச்சானின் பாஸ்போர்ட்டை நீங்கள் விசாரித்துவிடலாம். மற்றப் பங்குதாரர்கள் யார் என்று வெளியிலிருந்து தெரிவது கடினம். இந்த வழியில் வரும் வழக்குகளில் இரு தரப்பும் தத்தம் குடியுரிமையைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் நடைமுறை விதியைத் திருத்தியிருப்பது ஓரளவு உதவும். ஆனால் அதற்குள் வழக்குச் செலவில் ஒரு பகுதி போயிருக்கும். நியூஜெர்சி மாநிலத்தின் சுப்பீரியர் கோர்ட்டில் இந்தப் பாஸ்போர்ட் ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பில் பணம் வசூலிக்கும் வழக்குக்கு அது எந்த வகையிலும் மட்டமான நீதிமன்றம் அல்ல. ஃபெடரல் என்றால் உசத்தி என்பது வெறும் மயக்கம்.

கேள்வி: எங்கள் வீட்டு உபயோக ஜவுளி நிறுவனம் தொடுத்த வழக்கு, ஃபெடரல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகள் நடந்து எங்களுக்குச் சாதகமாக முடிந்தது. எதிர்த்தரப்பு ஒருமுறைகூட ஆட்சேபிக்கவில்லை. இப்போது மேல்முறையீட்டில், பிரதிவாதிகளில் ஒருவர் வெளிநாட்டவர், எனவே தீர்ப்பே செல்லாது என்கிறார்கள். இத்தனை நாள் வாய்மூடி இருந்தவர்கள் இப்போது கேட்க முடியுமா?
– வாசகி, கரூர்

பதில்: முடியும், அம்மா. அவர்கள் கேட்காவிட்டாலும் நீதிபதிகளே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1804இல் ஒரு வழக்கில், தானே ஃபெடரல் நீதிமன்றத்தைத் தேடிப் போய்த் தோற்ற வாதி, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததாக ஆவணத்தில் எங்கும் காட்டப்படவில்லை என்று மேல்முறையீடு செய்து, தனக்கு எதிரான தீர்ப்பை உடைத்துவிட்டார். நியாயமாகப்படவில்லை என்றாலும் சட்டம் அன்று முதல் அதுதான்.

இதைவிடக் கசப்பானது மாட்லி தம்பதியர் வழக்கு. 1871இல் ரயில் விபத்தில் அடிபட்ட அவர்களுக்கு, நஷ்டஈட்டுக்கு ஈடாக ஆயுள் முழுவதும் இலவசப் பயணம் தருவதாக ரயில்வே நிறுவனம் எழுதிக் கொடுத்தது. 1906இல் இலவசப் பாஸ்களைத் தடை செய்யும் சட்டம் வந்ததும் பாஸைப் புதுப்பிக்க மறுத்தது. தம்பதியர் ஃபெடரல் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1908இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் எழுப்பாத கேள்வியைத் தானே எழுப்பி வழக்கைத் தள்ளியது: தம்பதியரின் கோரிக்கை வெறும் ஒப்பந்தம் பற்றியது, ஃபெடரல் சட்டம் ரயில்வேயின் பதிலில்தான் வருகிறது, பிராதிலேயே வராத சட்டம் அதிகாரம் தராது. அவர்கள் கென்டகி மாநில நீதிமன்றத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 1911இல் அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார்கள்.

உங்களுக்கு இரண்டு நம்பிக்கைகள் உண்டு. குறை வெறும் எழுத்தில்தான், உண்மையில் அதிகாரம் இருந்தது என்றால், மேல்முறையீட்டிலும் பிராதைத் திருத்தலாம். உண்மையிலேயே ஒரு பிரதிவாதியால்தான் சிக்கல் என்றால், அவர் இல்லாமலும் வழக்கு நிற்குமானால், அவரை மட்டும் நீக்கித் தீர்ப்பைக் காப்பாற்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முன்பு சொன்ன 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதைத்தான் செய்தது. அவர் தனிப் பிரதிவாதியாக இல்லாமல் எல்.எல்.சி.க்குள் இருக்கும் பங்குதாரர் என்றால் இந்த வைத்தியம் செல்லாது.

மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து தீர்ப்பு இறுதியாகிவிட்டால், பிறகு இந்தக் கேள்வியைக் கிளப்பிப் பழைய தீர்ப்பைக் கவிழ்க்க அங்கே பொதுவாக விடமாட்டார்கள். நம் சட்டம் இதில் இன்னும் கடுமையானது: பொருள்சார் அதிகாரமே (அந்த வகை வழக்கை விசாரிக்கும் அதிகாரமே) இல்லாத நீதிமன்றத்தின் டிக்ரியை நிறைவேற்று மனு கட்டத்தில்கூட எதிர்க்கலாம் என்று நமது உச்ச நீதிமன்றம் 1954இல் கிரண் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

கேள்வி: எல்லாத் தகராறும் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் பிரச்சினை தீருமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தீராது. எந்த ஊர் நீதிமன்றம் உங்களைக் கட்டுப்படுத்தலாம் என்பதை ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்ளலாம். எந்த வகை வழக்கை விசாரிக்கலாம் என்ற அதிகாரத்தைத் தரப்பினர் கூடிக் கொடுக்க முடியாது. “ஃபெடரல் அல்லது மாநில நீதிமன்றம்” என்று எழுதச் சொல்லுங்கள். ஃபெடரல் என்று மட்டும் எழுதிவிட்டு அங்கே அதிகாரமும் இல்லை என்றானால், எங்கே போவது என்பதே தனித் தகராறாகிவிடும்.

கேள்வி: எங்கள் பம்பு தயாரிப்பு நிறுவனத்தின் மீதும், டெக்சாஸில் உள்ள எங்கள் விநியோகஸ்தர் மீதும், டெக்சாஸ் வாடிக்கையாளர் ஒருவர் அந்த மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். அதை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றலாமா?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் மட்டும் பிரதிவாதியாக இருந்து, தொகையும் 75,000 டாலரைத் தாண்டியிருந்தால், சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் மாற்றியிருக்கலாம். விநியோகஸ்தரும் டெக்சாஸ், வாதியும் டெக்சாஸ் என்பதால் இப்போது முடியாது. வாதி ஒருவரும் பிரதிவாதி ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது என்பது 1806 முதல் உள்ள விதி. வழக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காகவே உள்ளூர்க்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது அங்கே பழைய உத்தி. அவர் மீது எந்தக் கோரிக்கைக்கும் இடமில்லாமல் பெயருக்குச் சேர்த்திருந்தால் அதைக் காட்டி வாதாடலாம். விற்றவரே அவர் என்னும்போது அந்த வாதம் நிற்குமா என்பது கோரிக்கையைப் பொறுத்தது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். டெக்சாஸ் நீதிமன்றத்துக்குக் கோவை நிறுவனத்தின் மீது ஆள்வகை அதிகாரமே (அந்தத் தரப்பினரைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே) இல்லை என்ற ஆட்சேபம் உங்களுக்கு இருந்தால், அதை முதல் பதிலிலேயே எழுப்ப வேண்டும். பொருள்சார் அதிகாரம் பற்றிய ஆட்சேபத்தை எப்போதும் எழுப்பலாம். ஆள்வகை அதிகாரம் பற்றிய ஆட்சேபத்தைத் தள்ளிப்போட்டால் இழந்துவிடுவீர்கள்.

கேள்வி: தென்னை நார் அனுப்பிய வகையில் 30,000 டாலர் வர வேண்டும். 75,000 இல்லை என்பதால் விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: விட வேண்டியதில்லை. அந்த வரம்பு ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். பையர் இருக்கும் மாநிலத்தின் நீதிமன்றத்தில் தாராளமாகப் போடலாம். நம் ஊர் வணிக நீதிமன்றத்திலும் மூன்று லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வழக்கைத் தொடுக்க வழி உண்டு. ஆனால் அந்த டிக்ரியை அங்கே வசூலாக்க, அந்த மாநிலச் சட்டப்படி மறுபடி ஒரு நீதிமன்றத்தை அணுக வேண்டும். நம் டிக்ரிகளுக்காக இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பது பற்றிய 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் உள்ளன. அதன்கீழ் வரும் நடுவர் தீர்ப்பை உறுதிப்படுத்தக் கோரும் மனுவை, தொகை எவ்வளவானாலும், யார் எந்த நாட்டவரானாலும், ஃபெடரல் நீதிமன்றம் எடுக்கும். தீர்ப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 30,000 டாலருக்கு நடுவர் கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதை முதலில் கணக்குப் பாருங்கள். பல வேளைகளில் ஆகாது.

காலக்கெடுவையும் கவனியுங்கள். சரக்கு விற்பனை வழக்குக்கு அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்கு ஆண்டுகள். அதிகாரம் இல்லை என்று ஃபெடரல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளினால் உங்கள் உரிமை அழிவதில்லை, மாநில நீதிமன்றத்தில் மறுபடி போடலாம். ஆனால் இடையில் கெடு முடிந்துவிட்டிருந்தால் என்ன என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் ஆறு மாத அவகாசம் தருகிறது. உங்கள் பையர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. அந்த மாநிலத்தின் விதியை அங்குள்ள வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிராது தயாரிக்கச் சொல்லுங்கள்.