அப்பாவுக்கு இருப்பது வேறு, உங்களுக்கு இருப்பது வேறு

கேள்வி: எனக்கு வயது 31. கல்யாணமாகி இரண்டரை வருடம், குழந்தை இல்லை. இடது விரையில் நரம்பு சுருண்டிருக்கிறது, வேரிகோசீல் என்கிறார்கள். அப்பாவுக்குப் பல வருடமாக விரைவீக்கம். இரண்டு முறை ஊசியால் நீர் எடுத்தும் திரும்பிவிட்டது. எனக்கும் அப்படி ஆகுமா? ஆபரேஷன் அவசியமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களுடையது முற்றி அப்பாவுடையதாக மாறாது, பயப்படாதீர்கள். அவருக்கு இருப்பது ஹைட்ரோசீல். விரையைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது. உங்களுக்கு, காலில் வரும் நரம்புச் சுருட்டு போல, விரையிலிருந்து மேலே ரத்தம் கொண்டுபோகும் சிரைகள் புடைத்திருக்கின்றன. பத்து ஆண்களில் ஒருவருக்கு மேல் இது உண்டு. பலர் இருப்பதே தெரியாமல் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள்.

அதனால் ஸ்கேனை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டாம். விந்துப் பரிசோதனையை சில வார இடைவெளியில் இரண்டு முறை செய்யுங்கள். மனைவிக்கும் பரிசோதனைகள் இப்போதே நடக்கட்டும். விந்தணுவில் குறை இருந்து, கையால் தொட்டாலே புடைப்பும் தெரிந்தால் சிகிச்சை பலன் தர வாய்ப்புண்டு. ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்னப் புடைப்பை விட்டுவிடலாம். கையில் தெரியும் புடைப்பு, படுத்தால் வடிய வேண்டும். வடியாவிட்டால் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஆபரேஷன்தான் என்றால், மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்பு அறுவை நிபுணரை) தேடுங்கள். சிரைகளைக் கட்டும்போது நிணநீர்க் குழாய்களும் சேர்ந்து கட்டுப்பட்டால், நீங்கள் பயப்படும் அதே நீர்வீக்கம் பின்னால் வரலாம். மைக்ரோஸ்கோப்பில் அந்த ஆபத்து குறைவு. கத்தியில்லாமல், ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூப் செலுத்தி, புடைத்த சிரையை அடைக்கும் முறையும் உண்டு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். எனவே பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

அப்பாவுக்கு இனி ஊசி வேண்டாம். உறை அப்படியே இருக்கும்வரை நீர் ஊறத்தான் செய்யும். கிருமி புகவும் இடமுண்டு. உறையைத் திறந்து, வெட்டியோ மடித்தோ தைத்துவிடும் ஆபரேஷன்தான் தீர்வு. இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து பண்ணலாம், சிறியது. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். முன்னதாக ஸ்கேன் பார்த்து, குடலிறக்கமோ கட்டியோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். யானைக்கால் நோயைப் பல காலம் கண்ட ஊர் உங்களுடையது. அந்த நோயைத் தரும் புழு விரைவீக்கத்துக்கும் காரணமாகும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவை.

இந்த வீக்கத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் ஒதுங்கிய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப்போகும். அப்பா தானாக வாய் திறக்க மாட்டார். நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.