ஆறு மாதமாக ஜிம்முக்குப் போயும் உடம்பு ஏறவில்லையே, ஏன்?

கேள்வி கேட்ட நண்பர் தந்திருக்கும் விவரம் இது: வயது 38, எடை 62 கிலோ, வாரம் ஐந்து நாள் ஜிம், முட்டை உண்டு, கறி ஞாயிறு மட்டும். ஆறு மாதமாகியும் சட்டை அதே அளவுதான். வயது தாண்டிவிட்டதா, புரோட்டீன் பவுடர் வாங்கினால்தான் நடக்குமா என்கிறார்.

நான் டாக்டரும் இல்லை, ஜிம் மாஸ்டரும் இல்லை. கும்பகோணத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 39 வயதில் இரும்பைத் தொட்டேன், இப்போது 44. முதல் ஒன்றரை வருஷம் உங்களுக்குப் போனது போலத்தான் எனக்கும் போனது. அதற்கப்புறம் மாறியதற்குக் காரணம் எந்த டப்பாவும் இல்லை. கடையில் செய்கிற வேலையை ஜிம்மிலும் செய்தேன்: கணக்கு எழுதினேன். கடனுக்குப் போகிற கால் கிலோ சர்க்கரையைக்கூட நோட்டில் ஏற்றுகிறவன், போன வாரம் எத்தனை கிலோ தூக்கினேன் என்று ஒருத்தர் கேட்டபோது முழித்தேன். உங்களையும் அதையே கேட்கிறேன். போன திங்கள்கிழமை பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்துக்கொண்டு பார் என்கிற இரும்புக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) எத்தனை கிலோ, எத்தனை தடவை? மூன்று மாதத்துக்கு முன்னால் எத்தனை?

பதில் தெரியாவிட்டால், பெரும்பாலும் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும்.

எங்கள் கடைக்குச் சரக்கு இறக்க வரும் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறார். ஐம்பது கிலோ அரிசி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படியேறினால் மூச்சு வாங்காது. ஆனால் ஆள் ஒல்லி. சின்ன வயதில் எனக்கு இது புரியாத புதிராக இருந்தது, தினமும் இவ்வளவு தூக்குகிறவருக்கு ஏன் சதை போடவில்லை என்று. விடை எளிது. இருபது வருஷமாக மூட்டை ஐம்பது கிலோதான். உடம்பு அதற்குத் தேவையான அளவு பலத்தைச் சேர்த்துக்கொண்டு அதோடு நிறுத்திவிட்டது. அதற்கு மேல் சதை போடுவது அதற்கு வீண் செலவு. அந்தச் செலவுக்கான சோறும் அவருக்கு இல்லை என்பது தனிக் கதை. கிரேக்க மல்லன் மிலோ, ஒரு கன்றுக்குட்டியை அது காளையாகும் வரை தினமும் தூக்கி நடந்தான் என்று பழங்கதை ஒன்று உண்டு. கன்று வளரும், மூட்டை வளராது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போர் சமயம், சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனை. முழங்கால் அடிபட்ட வீரர்கள் படுக்கை படுக்கையாகக் கிடந்தார்கள். லேசான எடையை நிறையத் தடவை தூக்க வைப்பதுதான் அதுவரை வழக்கம். டிலார்ம் தானே எடை தூக்கிப் பழகியவர். பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை எதுவென்று ஒவ்வொரு வீரருக்கும் பார்த்து, அதை வாரத்துக்கு வாரம் கூட்டினார். தேறவே தேறாது என்றிருந்த கால்கள் தேறின. 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். இன்று ஜிம்மில் நாம் ‘மூணு செட், பத்து ரெப்’ (ரெப் என்பது ஒரு தடவை தூக்குவது, செட் என்பது நிறுத்தாமல் தூக்கும் ஒரு சுற்று) என்று பேசுவதில் பாதி அவர் விட்டுச்சென்ற பேச்சுதான். வாரத்துக்கு வாரம் கூட்டினார் என்கிற மீதிப் பாதியைத்தான் நம் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

எனக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. எங்கள் ஜிம்மில் இருந்த ஆகச் சின்ன பிளேட் இரண்டரைக் கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறிவிடும். கால் பயிற்சிக்குப் பரவாயில்லை, தோள்பட்டைக்குத் தாங்காது. கடையில் எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய இரும்பு எடைக்கற்கள் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. அரைக் கிலோ கற்கள் இரண்டை எடுத்து, கட்டுக்கம்பியால் வளையம் போட்டு, பாரின் இரண்டு பக்கமும் மாட்டி லாக் போட்டேன். “என்ன சார், வெங்காயம் நிறுக்கப் போறீங்களா?” என்றார் மாஸ்டர். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோ. சிரித்த மாஸ்டரே பிறகு ஒண்ணேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் போட்டார்.

நீங்கள் வாரம் ஐந்து நாள் போகிறீர்கள். நாட்களைக் கூட்டுவதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் எத்தனை கடினமான செட் கிடைக்கிறது என்பதுதான் பேச்சு. ஷோன்ஃபெல்ட் என்ற அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளரின் குழுவினர் 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வாரம் பத்து செட்டுக்கு மேல் செய்தவர்களுக்குக் குறைவாகச் செய்தவர்களைவிட நன்றாக வளர்ந்தது. திங்கள்கிழமை நெஞ்சுக்கு ஒரே நாளில் இருபது செட் அடித்துவிட்டு அடுத்த திங்கள் வரை தொடாமல் இருப்பதைவிட, அதையே இரண்டு மூன்று நாளாகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டிலும் தெம்பு இருக்கும். நான் திங்கள், புதன், வெள்ளி மட்டும் போகிறேன். ஒவ்வொரு நாளும் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) அல்லது டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஒரு தள்ளும் வேலை, ஒரு இழுக்கும் வேலை. கடைசியில் கைக்கு ஆசைக்காக ஏதோ ஒன்று. எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. எல்லா செட்டிலும் பன்னிரண்டைத் தொட்டதும் எடையைக் கூட்டுவேன், எண்ணிக்கை தானாக எட்டுக்கு இறங்கும், மறுபடி ஏறுவேன்.

செட்டை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கவனியுங்கள். இன்னும் பத்துத் தடவை தூக்கத் தெம்பிருக்கும்போது ‘பத்து ஆச்சு’ என்று இறக்கி வைத்தால் அது செட்டே இல்லை. ஒன்றோ இரண்டோதான் மிச்சம் என்கிற இடம் வரை போக வேண்டும். அங்கே பாரின் வேகம் தானாகக் குறையும், முகம் கோணும். அந்த இடத்துக்குப் போகிறவரை எடை கொஞ்சம் குறைவாக இருந்து இருபது தடவை ஆனாலும் தசை ஏறத்தாழ அதே அளவுதான் வளர்கிறது. பலம் ஏற வேண்டுமானால்தான் கனமான எடை தேவை. செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிஷம் தாராளமாக உட்காருங்கள். 2016-ல் ஒரு ஆய்வில் ஒரு நிமிஷ ஓய்வையும் மூன்று நிமிஷ ஓய்வையும் ஒப்பிட்டார்கள், மூன்று நிமிஷக்காரர்களுக்குத்தான் பலமும் சதையும் அதிகம். வியர்வை கொட்டுவதும் மறுநாள் படி இறங்க முடியாமல் வலிப்பதும் கணக்கில் சேராது. வலி என்பது பழகாத வேலை செய்ததற்கான அடையாளம், அவ்வளவே.

இனி சோறு. எனக்குப் பெரிய ஞானோதயம் வந்தது எங்கள் வீட்டுச் சமையலறையில்தான். ‘நாங்க பருப்பு இல்லாம சாப்பிடறதே இல்லை, புரோட்டீனுக்கு என்ன குறை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மாவிடம் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு ஆழாக்குடா. இதென்ன கேள்வி?” அந்த ஆழாக்கைக் கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் கொட்டினேன். 140 கிராம். வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு 35 கிராம். துவரம்பருப்பில் நூறு கிராமுக்குப் புரதம் சுமார் 22 கிராம். ஆக, என் பங்கு எட்டு கிராம்கூட இல்லை. அதிலும் நான் மேலாகத் தெளிந்ததை ஊற்றிக்கொள்கிறவன், அடியில் தங்கிய பருப்பு யாருக்குப் போனதோ. “சாம்பாரையுமாடா தராசுல வைப்ப?” என்று அம்மா ஒரு வாரம் கேலி செய்தார்.

எவ்வளவு வேண்டும்? 2018-ல் மார்ட்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 49 ஆய்வுகளை, 1800-க்கும் மேற்பட்ட ஆட்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடப் பலன் தெரிந்தது, அதற்கு மேல் சொல்லும்படி இல்லை. 62 கிலோவுக்கு அது 99 கிராம். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நாலு இட்லி, மதியமும் ராத்திரியும் சோறு, சாம்பார், கொஞ்சம் தயிர், இரண்டு டீ என்று சாப்பிடுகிறவருக்கு நான் கூட்டிப் பார்த்தால் 45-ஐத் தாண்டுவது கஷ்டம். பாதிக்கு மேல் பாக்கி. மூன்று முட்டை போட்டால் 18. மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை, 50 கிராம் ஊறவைத்து வதக்கினால் 26. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம், ஏழு. இதோடு ராத்திரி ஒரு டம்ளர் பால் என்றால் நூறு வந்துவிட்டது. மத்தி மீன் மலிவாகக் கிடைக்கிற நாளில் மீல் மேக்கரை விட்டுவிடுங்கள், மீனுக்கு ஈடு இல்லை. மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று ஜிம்மில் ஒருத்தர் கட்டாயம் சொல்வார். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் சோயாவால் குறையவில்லை.

முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கிறீர்களா? நான் மூன்று மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்தே பார்த்துவிட்டார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். ஆறு முட்டை குடித்து மூன்று முட்டைக்கான பலனைப் பெற்றிருக்கிறேன், கூடவே நாற்றம் இலவசம்.

புரதம் சரியாக இருந்தும் எடை ஏறவில்லை என்றால் மொத்தச் சோறே போதவில்லை என்று அர்த்தம். வாரம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஏறினால் சரியான பாதை. அதைவிட வேகமாக ஏறுவது பெரும்பாலும் தொப்பை.

வயது பற்றிக் கேட்டீர்கள். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி வரை செய்த ஒன்பது பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைச் சதையும் ஒன்பது சதவீதம் கூடியது. 38 எல்லாம் ஒரு வயதா? இதைப் படித்துவிட்டு அம்மாவை நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்தேன், கையை ஊன்றாமல். முதல் நாள் நாலு தடவை. இப்போது பன்னிரண்டு. அவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு, நான் எழுத மறந்தால் கோபித்துக்கொள்வார்.

உங்களை யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஊசி போடும் பையன்கள் எல்லா ஊர் ஜிம்மிலும் உண்டு. 1996-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில் 43 ஆண்களைப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, சிலருக்கு வெறும் எண்ணெய் ஊசி போட்டார்கள். பத்து வாரம் உண்மையாக உழைத்து, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலாக ஏறியது இரண்டு கிலோ அளவு. ஒரு பயிற்சியும் செய்யாமல் மருந்து ஊசி மட்டும் போட்டவர்களுக்கு மூன்று கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்த்தவர்களுக்கு ஆறு. அந்தப் பையன் தரும் டிப்ஸ் உங்களுக்கு ஏன் பலிக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். இதயத்துக்கும் விந்தணுவுக்கும் அது செய்கிற வேலையை அவன் சொல்ல மாட்டான்.

டப்பாவில் வருகிற சாமான்களில் உருப்படியானது கிரியேட்டின், தசைக்குத் தெம்பு கூட்டுகிற ஒரு பொடி. தினம் மூன்றிலிருந்து ஐந்து கிராம், எந்த நேரமானாலும் சரி. ஒரு எச்சரிக்கை: ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளக்கும் ‘கிரியேட்டினின்’ என்ற பொருளின் அளவு கொஞ்சம் ஏறிக் காட்டும். எனக்கு 1.35 என்று வந்து வீடே கலங்கியது. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் சிறுநீரகத்துக்கே சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனை எழுதித் தந்தார், அது சரியாக இருந்தது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், இந்தக் கிரியேட்டினையும் நூறு கிராம் புரதத்தையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பவுடருக்கு வருகிறேன். வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து எடுத்ததுதான், கெட்டதில்லை. வேலை அலைச்சலில் சமைக்க நேரமில்லாதவருக்கு வசதி. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை, அன்றைய மொத்தம்தான் கணக்கு. ஆனால் 2024-ல் கேரளக் கல்லீரல் மருத்துவர் ஒருவரின் குழு இந்தியச் சந்தையில் விற்ற 36 பவுடர்களைச் சோதித்ததில் சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. என் கடையில் மீல் மேக்கர் கிலோ 140 ரூபாய், அதாவது 25 கிராம் புரதம் ஏழு ரூபாய்க்குள். மீல் மேக்கர் விற்கிறவன் சொல்கிறேன், அதையும் கழித்துவிட்டே கேளுங்கள்.

நானும் ஆரம்பத்தில் ஒருவர் பேச்சைக் கேட்டு ஐந்து கிலோ ‘மாஸ் கெய்னர்’ என்கிற எடை கூட்டும் பவுடர் வாங்கியவன்தான். பாதி காலியான பிறகுதான் பின்பக்கம் படித்தேன். நூறு கிராமில் புரதம் பதினைந்து, மற்றதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சர்க்கரை. நம் பொட்டுக்கடலையிலேயே அதைவிட அதிகப் புரதம் இருக்கிறது. அந்த டப்பாவில் இப்போது பொட்டுக்கடலைதான் போட்டு வைத்திருக்கிறேன். மூடி நன்றாக இறுகுகிறது, வண்டு வருவதில்லை.