நமக்குள் சாதிப் பார்வை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நான் சாதி பார்ப்பதில்லை, ஆனாலும் உள்ளுக்குள் இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் காவிரி டெல்டாக்காரர் என்பதால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். நடவுக்கு வரும் பெண்களுக்கு டீ எதில் போகிறது? கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்த தனி டம்ளரிலா? எழுபது வயதுப் பெரியவரை உங்கள் வீட்டுப் பையன் "வா, போ" என்கிறானா?

சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த மண் இது. நெல் கூலியைக் கூட்டிக் கேட்ட பிரச்சினையில், 1968 டிசம்பர் 25 இரவு நாகப்பட்டினம் பக்கத்துக் கீழவெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை, அதாவது பெரிய நிலக்காரர்களை, உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. பக்கத்து ஊர்களிலேயே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வளர்க்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

டம்ளரை இன்றைக்கே மாற்றிவிடலாம். கல்யாணப் பந்தியில் பெரியப்பா "அந்தத் தெரு ஆளுங்க..." என்று இழுக்கும்போது, "அப்படிப் பேசாதீங்க பெரியப்பா" என்று நாலு பேர் முன்னால் சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லுங்கள். டீக்கடையில் தனிக் குவளை வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர்கள் புகார் கொடுக்கப் போனால், சாட்சியாக நீங்களும் கூடப் போங்கள்.