வளைவுக்கு அப்பால் வரும் வண்டியைச் சொல்லும் கருவி: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, லிந்துலை, தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு எங்கள் வேன்கள் இரண்டு ஓடுகின்றன. இரண்டிலும் ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறேன். சில இடங்களில் மேப்பில் வேன் அசையாமல் நிற்கிறது, பிறகு ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போய்க் குதிக்கிறது. பெற்றோர் பயந்துபோய்க் கோல் எடுக்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர், வெளிநாட்டில் வாகனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவி வந்துவிட்டது, பனிமூட்டத்திலும் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியைச் சொல்லிவிடும் என்று முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மேப்பில் வேன் குதிப்பதை அதிகச் செலவில்லாமல் சரிசெய்யலாம், முதலில் அதைப் பார்ப்போம்.

நாம் ஜிபிஎஸ் என்று சொல்லும் பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சிக்னலைக் கேட்பது. குறைந்தது நான்கு செய்மதிகள் கிடைத்தால் தான் இருக்கும் இடத்தைப் பெட்டி கணக்கிட்டுக்கொள்ளும். மற்றது, அந்த இடத்தை உள்ளே இருக்கும் சிம் வழியாக சேர்வருக்கு அனுப்புவது. உங்கள் வேனில் எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரவில் உட்கார்ந்து, அன்றைய ஓட்டத்தை ஹிஸ்டரியில் போட்டுப் பாருங்கள். காலையில் வேன் காணாமல் போன இடத்திலும் பாதை வளைவு வளைவாக ஒழுங்காக விழுந்திருந்தால் செய்மதிப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் பெட்டி விவரத்தைச் சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் அனுப்பியிருக்கிறது. மலையை ஊடறுத்து நேர்கோடு போட்டிருந்தால் அந்தப் பெட்டி சேமிப்பதில்லை, அல்லது சேமிக்கும் வசதி அணைந்து கிடக்கிறது. பூட்டியவரிடம் சொல்லி அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேன் தேயிலை மலைக்குள் இறங்கி ஓடுவதுபோல் புள்ளிகள் ரோட்டை விட்டு விலகி விழுந்தால் மட்டுமே கோளாறு செய்மதிப் பக்கம். அதற்குக் காரணம் பெரும்பாலும் அன்டெனா டேஷ்போர்டுக்குள் தகரத்துக்கு அடியில் கிடப்பதுதான். வானத்தைப் பார்க்கும்படி மேலே எடுத்து வையுங்கள். கண்ணாடியில் உலோகம் கலந்த டின்ட் ஒட்டியிருந்தால் அதற்குக் கீழேயும் வைக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு சிம் பக்கம்தான். ஒரு நிறுவனத்தின் டவர் இல்லாத இடத்தில் அந்த சிம், பக்கத்து நிறுவனத்தின் டவரைப் பிடிக்காது. ஆகவே வெவ்வேறு நிறுவன சிம் போட்ட போன்களோடு ஒருநாள் முழு ரூட்டும் போய், எந்த டிவிஷன் தாண்டியதும் எது சாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் பாவிக்கும் சிம்தான் ரோட்டிலும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டவுனில் முழுக் கோடு காட்டுவது அடுத்த வளைவில் பூச்சியம் ஆகலாம். பெட்டி 4ஜி, 2ஜி இரண்டிலும் ஓடக்கூடியதா என்றும் பாருங்கள். நேர இடைவெளியோடு, வண்டி திரும்பும் கோணத்தை வைத்தும் இடத்தை அனுப்பும் வசதி பல பெட்டிகளில் உண்டு. எங்கள் ரோட்டுக்கு அதுதான் பொருத்தம். இவ்வளவு செய்தாலும் சில பள்ளங்களில் டவர் கிடைக்காது. மேப்பில் ‘கடைசியாகக் கிடைத்த நேரம்’ எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குக் காட்டிக் கொடுங்கள். பாதிக் கோல் அதிலேயே குறையும்.

ஆனால் இந்தப் பெட்டியை மோதலைத் தடுக்கும் கருவி என்று எண்ணிவிட வேண்டாம். 40 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 11 மீற்றர். 30 செக்கனுக்கு ஒருமுறை இடம் அனுப்பும் பெட்டி, அதற்குள் வண்டியை 330 மீற்றர் ஓடவிட்டுவிடும்.

இனி அந்தப் பேசும் கருவி. அப்படி ஒரு தொழில்நுட்பம் உண்மையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாகனமும் தன் இடம், வேகம், போகும் திசை ஆகியவற்றைச் செக்கனுக்கு 10 தடவை வரை ரேடியோவில் ஒலிபரப்பும், சுற்றியுள்ள வாகனங்கள் கேட்டுக்கொள்ளும். டவர் தேவையில்லை. அமெரிக்கா 1999இல் 5.9 கிகாஹேர்ட்ஸ் பகுதியை இதற்கென்றே ஒதுக்கியது. வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த 802.11p என்ற தொழில்நுட்பத் தரம் 2010இல் வந்தது. 2017இல் போன் நெட்வேர்க் பக்கமிருந்து அதற்குப் போட்டியாக இன்னொரு தரம் வந்தது. ஐரோப்பாவில் வொக்ஸ்வாகன் தன் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் முதல் வகையைப் பூட்டி விற்றது. அமெரிக்காவோ 2020இல், ஒதுக்கிய 75 மெகாஹேர்ட்ஸில் 45ஐ வைஃபைக்குத் திருப்பிக் கொடுத்து, மிச்சத்தை இரண்டாவது வகைக்கு என்றது. ஆக, பெரிய நாடுகளே எந்த மொழியில் பேசுவது என்று ஒத்துப்போகவில்லை.

பனிமூட்டத்தைப் பற்றி, முற்பணம் கேட்பவர் சொன்னது சரி. 5.9 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5 சென்றிமீற்றர். பனித்துளி அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை, கமரா திணறும் இடத்தில் ரேடியோ தாராளமாகப் போகும். மலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை பாருங்கள், சிக்கல் அங்கேதான். அந்த அலை மண்மேட்டைத் துளைக்காது, அதைச் சுற்றி வளைவதும் மிகக் குறைவு. நகரத்துச் சந்திகளில் இது மூலை திரும்பிப் போய்ச் சேர்வதற்குக் கட்டடங்கள்தான் பெரிய துணை, எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்துப் போகிறது. எங்கள் வளைவில் ஒரு பக்கம் வெட்டிய மேடு, மறுபக்கம் வெறும் பள்ளத்தாக்கு. தெறிக்கச் சுவர் ஏது? எச்சரிக்கை வந்து சேரும்போது எதிரே வரும் லொறி பல வேளை கண்ணுக்கே தெரிந்துவிடும். ஜப்பான் இதற்கு 760 மெகாஹேர்ட்ஸையும் எடுத்துக்கொண்டது. அதன் அலை நீளம் ஏறக்குறைய 39 சென்றிமீற்றர், மூலைகளில் கொஞ்சம் நன்றாகவே வளையும். டொயோட்டா 2015இலேயே அதைக் கார்களில் கொண்டுவந்தது.

ஆனால் அலைவரிசை எதுவானாலும் மற்ற வண்டியிலும் அதே கருவி இருக்க வேண்டுமே. ஜப்பானிலிருந்து இறக்கிய வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் அங்குள்ள நெடுஞ்சாலைக் கட்டணக் கருவி, அட்டை போடவில்லை என்று முறையிடுகிறது. கட்டணச் சாவடியோடு 5.8 கிகாஹேர்ட்ஸில் பேசுவதற்குச் செய்த கருவி, ஹட்டன் ரோட்டில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. உங்கள் வேன் கருவிக்கும் அதே கதிதான். பத்து வண்டியில் ஒன்றில் கருவி இருந்தால்கூட, வளைவில் சந்திக்கும் இரண்டு வண்டிகளிலும் அது இருப்பதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. உங்கள் இரண்டு வேன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும், அவ்வளவுதான்.

காசு செலவழிக்க வேண்டுமானால் அது ரோட்டில் செலவாக வேண்டும். 2017இல் ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் கொண்டையூசி வளைவின் இரு பக்கமும் ரேடார் பொருத்திய கம்பங்கள் நட்டார்கள். ஒரு பக்கம் வண்டி வந்தால் ரேடார் கண்டு, வயர்லெஸில் மற்றக் கம்பத்துக்குச் சொல்லும், அந்தக் கம்பம் ஹோர்ன் அடிக்கும். வண்டிகளில் எதுவும் பூட்டத் தேவையில்லை, பழைய லொறிக்கும் ஆட்டோவுக்கும் ஒரே பயன். றம்பொடை, கினிகத்தேனை வளைவுகளுக்கும் இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். வேன் சங்கமாகச் சேர்ந்து பிரதேச சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்கத்தக்க விடயம் இது. அது வரும்வரை வளைவில் நடும் குவிவுக் கண்ணாடியாவது கேளுங்கள், பனி இல்லாத நேரத்துக்கு உதவும்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லையில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வேனோடும் ஆட்டோவோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். அப்படி வரும் பஸ்ஸை எந்தக் கருவி முன்கூட்டிச் சொன்னாலும் ஒதுங்குவதற்கு ரோட்டில் இடம் வேண்டும். முற்பணத்துக்கு வைத்த காசில் இரண்டு வேன்களின் பிரேக்கையும் டயரையும் பார்த்துவிடுங்கள்.

அவர் விடாமல் வற்புறுத்தினால் இரண்டு விடயம் கேளுங்கள். கருவி எந்த அலைவரிசையில் இயங்குகிறது, அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா? அனுமதியில்லாத ரேடியோ கருவியைப் பாவித்தால் சட்டப் பிரச்சினை விற்றவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். பிறகு ஒரு கருவியை அவர் கையில் கொடுத்து வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். மற்றதை வேனில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறி வாருங்கள். அவர் தலை தெரிவதற்கு எத்தனை மீற்றர் முன்னால் கருவி சத்தம் போடுகிறது என்று அளந்துவிட்டு எழுதுங்கள்.