கேள்வி-பதில்: பொம்மைக்கு எங்கிருந்து உயிர் வருகிறது?

கேள்வி: 1982-ல் வந்த ‘தி டார்க் கிரிஸ்டல்’ படத்தைச் சமீபத்தில்தான் பார்த்தேன். திரையில் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது, எல்லாமே பொம்மைகள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அது மறந்தே போய்விட்டது. எப்படிச் செய்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் கண். இரண்டு கருவிழிகளையும் நேராக வைத்தால் பொம்மை எங்கோ வெறித்துக்கொண்டிருக்கும்; அதையே மூக்குப் பக்கம் துளி திருப்பி வைத்துப் பாருங்கள், எதிரில் நிற்பவரைப் பார்க்க ஆரம்பித்துவிடும். மேலே பளபளப்பான பூச்சு கொடுத்தால் விளக்கொளி பட்டு ஈரமாகத் தெரியும். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் கிழட்டு குரு ‘யோடா’வை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் தன் முகத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டு, கண்ணைச் சுற்றிய சுருக்கங்களை மட்டும் ஐன்ஸ்டைனிடமிருந்து வாங்கினார். அந்தக் கிழவருக்கு அறிவுக்களை வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தோலுக்கு முதலில் களிமண்ணில் உருவம் பிடித்து, அதற்கு அச்சு எடுத்து, ரப்பர் பாலை நுரை பொங்க அடித்து அச்சில் ஊற்றி ஓவன் அடுப்பில் வேக வைப்பார்கள். மெத்தென்று, மடிந்து சுருங்கும் தோல் கிடைக்கும். ஒரே தொல்லை, நுரை தண்ணீரை உறிஞ்சும். ‘ஜுராசிக் பார்க்’ மழைக் காட்சியில் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த டைனோசர் நனைந்து கனத்து, தானாகவே உதறத் தொடங்கியதால், இடைவேளைகளில் டவலால் துடைத்துக் காயவைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஆட்டுகிற ஆட்கள். ‘லேபிரிந்த்’ படத்தில் வரும் ஹாகிள் என்ற குள்ளனின் முகத்துக்குள் 18 மோட்டார்கள். உடைக்குள் ஒரு பெண் நடக்க, வெளியே நான்கு பேர் ரேடியோ கருவிகளோடு தாடை, உதடு, புருவம், கண் என்று பிரித்துக்கொண்டு இயக்கினார்கள். ஐந்து பேரும் ஒரே மனதாக யோசித்தால்தான் ஒரு முகபாவம் சரியாக விழும், ஒருவர் அரை நொடி பிந்தினாலும் அது வெறும் ரப்பர். என்னைக் கேட்டால் இந்தக் கலையின் உச்சம் இதுதான்.

கேள்வி: எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாமே, இன்னும் ஏன் இந்தப் பாடு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நடிகருக்கு எதிரில் நிஜமாக ஒன்று நிற்கிறது, அதன் மேல் அதே வெளிச்சம் விழுகிறது, அவர் அதைத் தொடலாம். 2019-ல் வந்த ‘மாண்டலோரியன்’ என்ற ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரில் வரும் யோடா இனத்துக் குட்டிக்குப் பெரும்பாலும் பொம்மையைத்தான் வைத்தார்கள். பாய்ந்து ஓடும் காட்சிக்குக் கம்ப்யூட்டர் இருக்கட்டும். நெருங்கி நின்று பேசும் காட்சிக்குப் பொம்மைதான்.

கேள்வி: வீட்டிலேயே செய்து பழக முடியுமா? கல்லூரி மாணவி நான்.
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக! மெத்தைக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச், கண்ணுக்கு டேபிள் டென்னிஸ் பந்து, ஒட்டுவதற்கு ரப்பர் பசை. பசை நெடி அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் வெறும் கையை ஃபோன் கேமரா முன்னால் பேச வைத்துப் பழகுங்கள். நிறையப் பேர் மேலே இருக்கும் நான்கு விரல்களைத் தூக்குகிறார்கள், அப்போது தலை பின்னால் சாய்ந்து பார்வை மேலே போய்விடும். கட்டைவிரலைத்தான் கீழே இறக்க வேண்டும். சொல்லின் ஒவ்வொரு அசைக்கும் வாய் திறக்கட்டும், ‘அம்மா’, ‘அப்பா’ என்னும்போது நடுவில் கட்டாயம் மூட வேண்டும். பேசாத நேரத்திலும் கை அப்படியே நின்றுவிடாமல் லேசாக மூச்சு வாங்கட்டும். இது கைக்குப் பழகிய பிறகு ஸ்பாஞ்ச் வாங்கப் போங்கள்.