பூசுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

மூன்று வாரம் முன்பு எங்கள் வீட்டில் தீ. பின்கட்டுச் சமையலறையில் பிரிட்ஜ் பக்கம் பிடித்து, பக்கத்து ஸ்டோர் ரூமுக்குப் பரவி, முன்கட்டுக் கூடத்தின் ஓட்டுக்கூரையில் பாதி போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்கட்டு தாத்தா காலத்தது, மண் சாந்துச் சுவர். பின்கட்டு 1989இல் அப்பா போட்ட கான்கிரீட் தளம். ஓட்டைப் பிரித்துவிட்டு முழுக்கத் தளம் போடலாம் என்கிறார் அண்ணன். எனக்குப் பழையபடியே வேண்டும். எது சரி?

சமையலறைத் தளத்தைக் கொத்திப் பூசினால் பத்து நாளில் பால் காய்ச்சலாம் என்கிறார் மேஸ்திரி. ஸ்டோர் ரூமை ஏற்கெனவே கழுவி வெள்ளையடித்துவிட்டோம். கருகின சாமானில் பாதியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று, மீதி கொல்லையில் கிடக்கிறது. அடுப்பை அக்னி மூலைக்கு மாற்றச் சொல்கிறார்கள். அம்மா கொல்லையில் உட்கார்ந்து எது எது போயிற்று என்று காலையிலிருந்து ராத்திரிவரை சொல்லிக்கொண்டே இருக்கிறார். பேச்சை மாற்றினாலும் விடுவதில்லை. தைக்குள் அவரை உள்ளே கூட்டிப்போய்விட வேண்டும்.

ம., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ம.,

எல்லோரும் பிழைத்தீர்கள் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க முடிந்தது. தீப்பிடித்த வீடுகளில் தீ செய்ததைவிட, தீ அணைந்த முதல் மாதத்தில் வீட்டுக்காரர்கள் செய்வது எவ்வளவு கெடுதல் என்று எழுத நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் மூன்றை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். கழுவினீர்கள், வெள்ளையடித்தீர்கள், சாமானை எடைக்குப் போட்டீர்கள். நாலாவதைச் செய்யாமல் தடுக்கத்தான் இந்த அவசரப் பதில். தளத்தில் கரணையை வைக்க விடாதீர்கள்.

ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். மேஸ்திரியிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

கான்கிரீட் எரியாது, ஆனால் வேகும். 300 டிகிரி வரை பெரிய சேதம் இல்லை. அதைத் தாண்டினால் பலம் சரசரவென்று இறங்கும், ஆறினாலும் திரும்ப வராது. 400, 500 டிகிரியில் சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பிலிருந்து நீர் பிரிந்து அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீரும், பிறகு காற்றில் இருக்கும் ஈரமும் பட்டு, அந்தச் சுண்ணாம்பு காளவாய்ச் சுண்ணாம்பு பூப்பதுபோல் உள்ளேயே பூத்து உப்பும். அதனால்தான் அன்றைக்குக் கெட்டியாகத் தெரிந்த தளம் சில வாரம் கழித்துப் பொரிந்து உதிர்கிறது. பத்தே நாளில் பூசினால் அந்த உதிர்வு பூச்சுக்குப் பின்னால் நடக்கும். அது விழும்போது கீழே அடுப்படியில் உங்கள் அம்மா நிற்பார்.

அடுத்தது கம்பி. 1989 என்கிறீர்கள். அந்தக் காலத்துத் தளத்தில் பெரும்பாலும் முறுக்குக் கம்பிதான். கயிறு திரித்ததுபோல் வரி சுற்றிக்கொண்டு போகும், பார்த்தாலே தெரியும். அதன் பலத்தில் ஒரு பங்கு, குளிர்ந்த நிலையில் முறுக்கியதால் வந்தது. சுமார் 450 டிகிரிக்குமேல் சூடேறினால் அந்தப் பங்கு போய்விடும், ஆறினாலும் மீளாது. சாதாரணக் கம்பி 600 வரை சூடாகி ஆறினால் பெருமளவு பழைய பலத்துக்கு வந்துவிடும். கம்பிக்கும் தீக்கும் நடுவே இருந்தது முக்கால் அங்குலம் கான்கிரீட், அதாவது 20 மில்லி. கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையை, அதாவது கவர் கட்டையை, வைக்காமல் போட்ட தளம் என்றால் அதுவும் இருக்காது.

ஆக, நம் முன்னால் இருப்பது ஒரே கேள்வி: கம்பி இருக்கும் ஆழம்வரை எவ்வளவு சூடு போயிற்று? தளமே அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறது. வெள்ளையடித்தால் அந்த எழுத்து போய்விடும்.

முதலில் சும்மா நின்று பாருங்கள். எல்லோரும் கரி அப்பிய இடத்தைக் காட்டித்தான் பதறுவார்கள். பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. நடுவில் கரியே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும் பகுதிதான் அதிகம் வெந்தது. அங்கே கரியே எரிந்து போயிருக்கிறது. பூச்சு பெயர்ந்து விழுந்ததால் வெளுப்பாகத் தெரிகிறதா, கரி எரிந்ததால் வெளுத்ததா என்று கிட்டப்போய்ப் பிரித்துப் பாருங்கள்.

தட்டிப் பார்க்க ஏறுவதற்கு முன் தளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். ஜாக்கி இல்லாவிட்டால் சவுக்குக் கட்டை போதும். மூன்றரை அடிக்கு ஒன்று, மேலேயும் கீழேயும் பலகை வைத்து. தளத்தைத் தூக்கப் பார்க்கக் கூடாது. இறுக்கமாகத் தொட்டு நின்றால் சரி.

பிறகு சாக்பீஸால் தளத்தின் அடிப்பக்கம் முழுக்க ஒரு அடிக்கு ஒரு அடி கட்டம் போடுங்கள். ஒரு சின்னச் சுத்தியலால் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று கையை எதிர்க்கும். விட்டுப்போனது ‘டொக்’ என்று பானை உடைந்த சத்தம் கொடுக்கும். டொக் கேட்ட கட்டத்தில் பெருக்கல் குறி. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறி போட்ட இடத்தில் ஒன்று, கெட்டியான இடத்தில் ஒன்று, வெளுத்த இடத்தில் ஒன்று. இந்த மூன்று இடத்திலும் உளியால் இரண்டு அங்குல அகலத்துக்குக் கம்பி தெரியும்வரை கொத்துங்கள். டார்ச் அடித்து அந்தக் குழியின் ஓரத்தைப் பாருங்கள். வெந்த கான்கிரீட் அடுக்கடுக்காக நிறம் காட்டும். 300இலிருந்து 600 டிகிரி வரை போன அடுக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்கு மேல் போனது சாம்பல் வெளுப்பு. சூடு எட்டாத இடம் பழைய சிமெண்ட் நிறம். அந்தச் சிவப்பு எங்கே நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். கம்பிக்குக் கீழேயே நின்றுவிட்டால் நிம்மதி. கம்பியைத் தாண்டி மேலே போயிருந்தால், அந்தக் கம்பி 300ஐத் தாண்டியது நிச்சயம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட் எப்போதும் பளிச்சென்று சிவக்காது. ‘சிவப்பே இல்லையே’ என்று தைரியமாகிவிடாதீர்கள். ஜல்லிக்கு நடுவே இருக்கும் சாந்தை ஆணியால் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் அது போனதுதான். ஜல்லியைச் சுற்றி முடி போன்ற விரிசல் ஓடினாலும் அப்படியே.

இன்னும் இரண்டு அளவு பாக்கி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தளத்தின் அடியில் நூல் பிடித்து நடு இறக்கத்தைப் பாருங்கள். பத்தடி அகல அறையில் 12 மில்லிக்கு மேல் இறங்கியிருந்தால் அது பூசி மறைக்கிற விஷயம் அல்ல. வெளியே போய், தளம் உட்காரும் மட்டத்தில் சுவரில் படுக்கை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் விரிந்த தளம் சுவரின் தலையை வெளியே தள்ளியிருக்கலாம். தூக்குக்குண்டு விட்டால் தெரிந்துவிடும். செங்கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், அது சூளையிலேயே இதைவிட வெந்தது. நடுவில் இருக்கும் சாந்துதான் கெடும்.

இத்தனையும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டமைப்பு இஞ்சினியரைக் கூப்பிடுங்கள், வரைபடம் போட்டுக் கொடுக்கிறவரை அல்ல. சந்தேகமான இடங்களில் 75 மில்லி விட்டத்தில் குறைந்தது மூன்று கோர், அதாவது உருளையாகத் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டு, எடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்வார். மேல்பரப்பில் பட்டு எவ்வளவு துள்ளுகிறது என்று காட்டும் ரீபவுண்ட் சுத்தியலை மட்டும் வைத்துத் தட்டிவிட்டு நம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மேல்தோலைத்தான் பார்க்கும். வெந்த தளத்தின் தோல் ஒன்று, உள் ஒன்று.

கம்பி தப்பித்திருந்தால், கெட்ட கான்கிரீட்டைக் கெட்டியான பகுதி தட்டுப்படும்வரை கொத்தி எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ் போட்டு, பாலிமர் கலந்த சாந்தாலோ, அடியில் பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட்டாலோ (பொடி ஜல்லி போட்ட, தானே ஓடி நிரம்பும் கான்கிரீட்) நிரப்பலாம். மேஸ்திரி சொல்கிற ஒன்றுக்கு நாலு சிமெண்ட் பூச்சு இதற்குப் பதிலாகாது. அது எதையும் தாங்காது, வெறுமனே தொங்கும். பரவலாகச் சூடு கம்பியைத் தாண்டியிருந்தால் அந்த அறைத் தளத்தை உடைத்துப் புதிதாகப் போடுவதே மலிவு. அப்போது ஸ்டோர் ரூம் தளத்துக்கும் முட்டு கொடுத்த பிறகுதான் உடைக்க வேண்டும். நடுச்சுவருக்கு மேலே ஓடும் கம்பி இரண்டு அறைக்கும் பொது. சமையலறைப் பக்கம் அதை வெட்டினால் ஸ்டோர் ரூம் தளம் பிடிமானம் இழக்கும். எட்டு மில்லிக் கம்பி என்றால் ஒன்றரை அடியாவது நீட்டி விட்டுத்தான் வெட்ட வேண்டும், புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட.

ஸ்டோர் ரூம் வெள்ளையைச் சுரண்டி எடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். கரிமேல் அடித்த வெள்ளையில் மஞ்சள் கறை ஊறி வந்துகொண்டே இருக்கும், வாடையும் போகாது. கரியை முதலில் காய்ந்தபடியே வாக்வம் போட்டு, பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். தண்ணீர் அதன்பிறகு. ஒயரும் பைப்பும் எரிந்த புகையில் உப்பு அமிலம் உண்டு, அது ஈரத்தோடு உள்ளே இறங்கினால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அந்த அறைத் தளத்தையும் கட்டம் போட்டுத் தட்டுங்கள்.

அக்னி மூலை விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. மூலையை மாற்றினால் ஒயர் மாறாது, ஒயரை மாற்றுங்கள். தீ எட்டாத அறைகளிலும் சேர்த்து. சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரிக்குத்தான் கணக்கு. புகை ஓடிய பைப்புக்குள் அது இளகி ஒட்டியிருக்கும். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லி. எல்லாவற்றுக்கும் முன்னால், மின்கசிவு வந்தால் தானே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பிரிட்ஜுக்குத் தனி லைன்.

காப்பீடு பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டுக்கடன் இருந்தால் வங்கி எடுத்து வைத்திருக்கலாம், இன்றே கேளுங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி என்றால், இழப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை இஞ்சினியர் கட்டணத்துக்கும் 2 சதவீதம் வரை இடிபாடு அகற்றவும் சேர்த்துத் தருவார்கள். தீயணைப்பு நிலையத்தில் சான்று வாங்குங்கள். பத்திரம் எரிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். கருகிய ரூபாய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கிக் கிளையில் வாங்கமாட்டார்கள், ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நொறுங்காமல் அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். அண்ணன் சொல்வது வேண்டாம். ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். மரத்தோடு சேர்த்து மங்களூர் ஓட்டுக்கூரை 65 கிலோ அளவு. மண் சாந்துச் சுவரின்மேல் ஐந்து மடங்கு பாரத்தை ஏற்றாதீர்கள், அதுவும் ஒரு தீயைப் பார்த்த சுவர்மேல். கைமரமும் ரீப்பரும் மெல்லியவை, கருகினால் போனதுதான். உத்தரத்தைத் தள்ளிவிடாதீர்கள். தடித்த மரம் நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் மில்லிதான் கரியும், அந்தக் கரியே உள் மரத்துக்குக் காப்பு. வாச்சியால் கரியைச் செதுக்கிவிட்டு, நிறம் மாறிய மரத்தையும் கொஞ்சம் எடுத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று அளந்து தச்சரிடம் காட்டுங்கள். சுவருக்குள் போகும் முனையைக் கட்டாயம் பாருங்கள். ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும். பழசை ஒவ்வொன்றாகத் தட்டி, கணீரென்று கேட்பதைத் திரும்பப் போடலாம்.

தைக்குள் முடியாது. உடைத்துப் போட்ட தளத்துக்கு முட்டுப் பிரிக்கவே ஒன்றிரண்டு வாரம் வேண்டும். இதை அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பேச்சை ஏன் மாற்றுகிறீர்கள்? எது எது போயிற்று என்று அவர் சொல்வது, இழப்பை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் உங்களிடம் கேட்கப்போகிற பட்டியல். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் அவரிடம்தான் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பித்தளை 900க்கு மேல். எவர்சில்வர் வீட்டுத் தீயில் அநேகமாக உருகுவதில்லை. எந்தத் தட்டில் இருந்த பாத்திரம் உருகியது, எது வெறுமனே கறுத்தது என்று தெரிந்தால் அந்தச் சமையலறையில் எந்த உயரத்தில் எவ்வளவு சூடு நின்றது என்று இஞ்சினியர் கணக்குப் போடலாம். பாதியை எடைக்குப் போட்டுவிட்டீர்கள். மீதியைக் கொல்லையிலிருந்து எடுத்து வந்து அம்மாவின் முன்னால் பரப்புங்கள். இந்தக் குண்டான் மேல் தட்டிலா, நடுத் தட்டிலா, விளக்கு எந்த மாடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எடைக்குப் போனவற்றையும் அவர் மறந்திருக்கமாட்டார்.