தையல்கடை ஃபோனில் எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்?

கேள்வி: ஈரோடு பக்கம் 11 வருடமாகத் தையல்கடை நடத்துகிறேன். வேலைக்கு இரண்டு பெண்கள். பிளவுஸ், சுடிதார், ஆரி வேலை எல்லாம் செய்கிறோம். வாடிக்கையாளர்களின் அளவு, டிசைன் படம், போட்டுப் பார்த்து எடுத்த படம் எல்லாமே என் ஆண்ட்ராய்டு ஃபோனில்தான். "இதெல்லாம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது, எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸுக்கு மாற்று" என்று கல்லூரியில் படிக்கும் மகன் தினமும் சொல்கிறான். வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டால் எனக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்? கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு ஒரு பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பும் இருக்கிறது. எதை மாற்றுவது, எதை விடுவது? பணம் கட்ட வேண்டியிருக்குமா?

பதில்: உங்கள் மகனின் அக்கறை சரியானது. 'எல்லாவற்றையும்' என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அடுத்த மாதமே பழையதற்குத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஃபோனில் இருப்பதில் பெரும்பகுதி உங்களை நம்பி உடம்பின் அளவைக் கொடுத்த பெண்களுடையது. அதனால் எந்த ஆப் நல்லது என்று தொடங்க வேண்டாம். அவர்களுடையது எது, எங்கே போகிறது என்று பார்ப்போம்.

முதலில் காண்டாக்ட்ஸைத் திறந்து பாருங்கள். தையல்கடை ஃபோன்களில் பெயர்கள் பெரும்பாலும் 'ரேவதி 36 பேங்க்', 'சுமதி டீச்சர் 34 லோ நெக்' என்றுதான் இருக்கும். தேடுவதற்கு வசதி, புரிகிறது. ஆனால் காண்டாக்ட்ஸ் அனுமதியைக் கேட்டு வாங்கிய எந்த ஆப்பும் அந்தப் பட்டியலை முழுசாகப் படிக்க முடியும். யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் ஆப், பிள்ளைகள் இறக்கிய கேம், யாரோ அவசரத்துக்கு உங்கள் ஃபோனில் போட்ட கடன் ஆப் எல்லாம் அதைக் கேட்கக்கூடியவைதான். கடன் ஆப்காரர்கள் இப்படி எடுத்த நம்பர்களுக்கு ஆபாசமாகத் திருத்திய படங்களை அனுப்பி மிரட்டிய வழக்குகள் நம் நாட்டில் நிறைய வந்திருக்கின்றன. பெயரோடு அளவும் வேலை செய்யும் இடமும் சேர்ந்து கிடைத்தால் அவர்கள் வேலை இன்னும் சுலபம்.

ஒரு மதியம் உட்கார்ந்து பெயர்களிலிருந்து அளவை எடுத்துவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரிசை எண் மட்டும் போதும். அளவு பழையபடி அளவு நோட்டுக்குப் போகட்டும். இந்த வேலைக்கு நோட்டைவிடப் பாதுகாப்பான மென்பொருளை நான் இதுவரை பார்க்கவில்லை. அப்புறம் ஃபோனின் அமைப்புகளில் பிரைவசி, பெர்மிஷன் மேனேஜர், காண்டாக்ட்ஸ் என்று உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் வரும். பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் தேவையானவை தவிர மற்றதையெல்லாம் நிறுத்துங்கள். இதுவரை ஒரு புது ஆப்கூட நீங்கள் இறக்கவில்லை என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது படங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் டிரையல் பார்த்து எடுக்கும் ஒவ்வொரு படமும் கூகுளின் சர்வருக்குப் போகிறது. அங்கே அது பூட்டித்தான் வைக்கப்படுகிறது, ஆனால் சாவி அந்த நிறுவனத்திடமும் இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார் என்று பயமுறுத்தவில்லை. இயந்திரம் பார்க்கிறது; அது தவறாகவும் பார்க்கும். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு அப்பா, உடம்பு சரியில்லாத தன் சின்னப் பையனின் படத்தை டாக்டருக்கு அனுப்புவதற்காக எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தை ஆபாசப் படம் என்று குறித்து, கணக்கை முடக்கியது. போலீஸ் விசாரித்து அவர் மேல் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. மெயில், காண்டாக்ட்ஸ், மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் போயின. 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. பட்டுப்பாவாடை தைக்கச் சின்னப் பெண்களைக் கூட்டி வருகிறவர்கள் உங்கள் கடைக்கும் உண்டு இல்லையா? தொழில் முழுவதையும் ஒரே கணக்கில் தொங்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாடிக்கையாளர் படங்கள் இணையத்துக்கே போக வேண்டியதில்லை. பேக்கப்பை நிறுத்திவிட்டு, ஃபாசிஃபை கேலரி என்ற ஆப்பைப் போடுங்கள். அது இணைய அனுமதியே கேட்பதில்லை. ஃபோல்டருக்குக் கைரேகைப் பூட்டும் போடலாம். இங்கே ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு பிளவுஸ் நன்றாகத் தைத்திருக்கிறதா என்று பார்க்க நீங்கள் அதைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பீர்கள். இந்த ஆப்களை அப்படித் திருப்பிப் பார்க்க முடியும். உங்களால் முடியாவிட்டாலும், தெரிந்தவர் யாரும் பார்க்கலாம்.

ஃபாசிஃபை பிறந்த கதையே இதற்கு நல்ல உதாரணம். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று பலர் நம்பிப் பயன்படுத்திய ஆப்கள் இருந்தன. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர் அதை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூல நிரல், அதாவது அந்த உள்தையல், திறந்தே இருந்ததால், அதில் கூட வேலை பார்த்தவர்கள் அதை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் ஆப் எப்போதும் நல்லவர் கையில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கைமாறினால் நாம் வெளியே வர ஒரு வாசல் இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

குடும்பப் படங்களுக்கு ஆன்லைன் பேக்கப் வேண்டும் என்றால் எண்டே போட்டோஸ் பாருங்கள். பெங்களூரிலிருந்து தொடங்கியது; மலையாளத்தில் 'என்னுடையது' என்று பொருள். படங்கள் உங்கள் ஃபோனிலேயே பூட்டப்பட்டுப் போவதால், அவர்களாலும் பார்க்க முடியாது.

மாற்றும்போது பலர் படங்களைத் தொலைப்பது ஒரே தவறால்தான். கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் ஒரு படத்தை அழித்தால், பேக்கப் ஓடும் ஃபோனில் அது ஃபோனிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். அதனால் முதலில் டேக்அவுட் என்ற கூகுளின் வசதி வழியாக எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். ஜிப் ஜிப்பாக வரும். திறந்தால் படத்துக்குப் பக்கத்திலேயே ஜேசன் என்று முடியும் குட்டிக் கோப்புகள் கிடக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். தேதி விவரம் அதில்தான் இருக்கிறது. எண்டேயின் கம்ப்யூட்டர் ஆப் அதைப் படித்துத் தேதிகளைச் சரியாகப் போட்டுவிடும். எல்லாம் வந்துவிட்டதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் கூகுளில் அழியுங்கள்.

சரி, வாட்ஸ்அப். விட வேண்டாம். வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில்தான் கடை இருக்க முடியும். செய்தியின் உள்ளடக்கம் 2016 முதல் இரு முனைகளிலும் பூட்டித்தான் போகிறது; அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. அதற்கு அவர்கள் பயன்படுத்துவது சிக்னல் என்ற ஓப்பன் சோர்ஸ் செய்தி ஆப்பின் முறையேதான். வித்தியாசம், யாரோடு எப்போது எவ்வளவு பேசுகிறீர்கள் என்ற விவரத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் அதில் நிறைய வைத்துக்கொள்கிறது. சிக்னலுக்கு 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி. வேறெதுவும் அவர்களிடம் இல்லை. அதனால் வீட்டாரோடும் வேலைக்கு வரும் இரண்டு பெண்களோடும் சிக்னலில் பேசுங்கள். நான்கு பேர் மாறுவது முடியும், நானூறு பேர் மாறுவது நடக்காது. டெலிகிராம் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் சாதாரண உரையாடல்கள் இரு முனைகளிலும் பூட்டப்படுவதே இல்லை.

வாட்ஸ்அப்புக்குள் மாற்ற வேண்டியவை சில உண்டு. மீடியா விசிபிலிட்டியை நிறுத்தினால் வாடிக்கையாளர் அனுப்பும் படம் தானாகக் கேலரிக்கு வராது. சாட் பேக்கப்பில் என்க்ரிப்ஷனை, அதாவது இதே பூட்டை, இயக்கி ஒரு பாஸ்வேர்டு வையுங்கள்; அது தானாக இயங்காது, நீங்கள்தான் போட வேண்டும். டிரையல் படம் அனுப்பும்போது ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்புங்கள்.

பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேருங்கள். பத்து நிமிட வேலை.

மகன் அடுத்து ஆண்ட்ராய்டையே மாற்றி வேறு ஓஎஸ் போடலாம் என்பான். அந்த ஆர்வம் அவன் ஃபோனோடு இருக்கட்டும். அப்படி மாற்றிய ஃபோன்களில் யூபிஐ, பேங்க் ஆப்கள் அடிக்கடி மறுத்துவிடும். உங்களுக்கு அதே ஃபோன்தான் கல்லாப்பெட்டியும்.

லேப்டாப்பைத் தள்ளிப்போட வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் பழைய லேப்டாப்பில் நன்றாக ஓடும்; பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தடை எம்பிராய்டரி மென்பொருள்தான். கடைகளில் ஓடுபவை பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோடு சேரும் இங்க்ஸ்டிச் என்று ஒன்று இருக்கிறது. மிஷின்கள் படிக்கும் டிஎஸ்டி கோப்பை அது கொடுக்கும். அதை விண்டோஸிலேயே போட்டு, ஒரு சின்ன மாங்காய் டிசைனை வேஸ்ட் துணியில் ஓட்டிப் பாருங்கள். தையல் அடர்த்தியும் நூல் வெட்டும் உங்களுக்குத் திருப்தியாக வந்தால் மின்ட்டுக்கு மாறலாம். வராவிட்டால் பழைய மென்பொருளோடே இருங்கள். ஆனால் அந்த லேப்டாப்பில் வைஃபையை நிறுத்திவிட்டு, எம்பிராய்டரிக்கு மட்டும் வையுங்கள். மெயில், பேங்க் எதுவும் அதில் வேண்டாம்.

செலவு என்று பார்த்தால், எண்டேயில் இலவச அளவைத் தாண்டினால் கட்ட வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். மற்றவை இலவசம். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் வரும் கணியம் இதழ் இருக்கிறது, மகனுக்கும் பிடிக்கும்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். எண்டே உங்களிடம் 24 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதுவும் பாஸ்வேர்டும் தொலைந்தால் படங்களை யாராலும் திறக்க முடியாது, அவர்களாலும்தான். வாட்ஸ்அப் பேக்கப் பாஸ்வேர்டும் அப்படியே. இரண்டையும் ஃபோனில் சேமிக்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். பேனாவால் இரண்டு தாளில் எழுதி, ஒன்றை நகை வைக்கும் பீரோவிலும் இன்னொன்றை அக்கா தங்கை யாராவது இருந்தால் அவர்கள் வீட்டிலும் வையுங்கள்.